கேம் றேஸ், நிஜ றேஸ்: உங்கட அனுபவம் என்ன?

கல்லடிக்காரன்

கார் கேமில பைத்தியமாகி, மறுகா எஃப் வன், மண் ட்ராக்கில ஓடுற சுப்பர்குரொஸ் எண்டு நிஜ றேஸுக்கும் இழுபட்டுப் போன ஆக்கள் நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எத்தினை பேர் இருக்கீங்க? ஆளாளுக்கு ஒரு கதை இருக்கும். என்ட கதையை முதல்ல சொல்லுறன்.

நெற் கபேயில மணிக்கணக்குக்குக் காசு குடுத்து விளையாடின காலத்தில எல்லாருக்கும் 2005இல வந்த நீட் ஃபோர் ஸ்பீட் மோஸ்ட் வாண்டட்தான் உயிர். நீலமும் வெள்ளியுமா அந்த பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நானும் விளையாடினன்தான். ஆனா அதில பொலிஸ் காரை இடிச்சுத் தள்ளிப்போட்டும் போகலாம், மதிலில உரஞ்சிக்கொண்டும் வளைவை எடுக்கலாம். பிரேக் எண்ட சாமான் பேருக்குத்தான்.

என்னைப் பிடிச்சுப் போட்டது லைவ் ஃபோர் ஸ்பீட். மூணே மூணு பேர் சேர்ந்து செஞ்ச கேம். டெமோ சும்மா கிடைக்கும். பிளாக்வுட் எண்ட ஒரே ட்ராக், மூணு கார், அவ்வளவுதான். நம்மட ஓட்டைக் கொம்பியூட்டரிலயும் ஓடும். ஸ்டியரிங் வீல் இல்லாட்டி மவுசை இடமும் வலமும் அசைச்சு ஓட்டலாம். மேசையில மவுஸ் போய் சுவரில முட்டுற அளவுக்கு வளைச்சிருக்கம்.

பிளாக்வுட்டில நீளமான நேர் றோட் ஒண்டு வரும், அது முடியிற இடத்தில இறுக்கமான வளைவு. முழு வேகத்தில வந்து, திருப்பிக்கொண்டே பிரேக்கை அமத்தினா கார் கிறுகவே கிறுகாது. நேரா மண்ணுக்குள்ளதான். ஏனெண்டா டயருக்கு ஒரு அளவு பிடிதான் இருக்கு. அதை முழுக்க நிப்பாட்டுறதுக்குச் செலவழிச்சா திருப்புறதுக்கு மிச்சம் இராது. நேரா வரக்குள்ளயே இறுக்கி அமத்தி, மறுகா ஸ்டியரிங் திரும்பத் திரும்பப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விடோணும். அமத்தக்குள்ள பாரம் முன் சக்கரத்துக்கு வந்து நிக்கும். அந்தப் பாரம் நிக்கக்குள்ளதான் காரிட மூக்கு உள்ளுக்கு வரும்.

இது விளங்கினதுக்குப் பிறகு எஃப் வன் பார்க்கிற கண்ணே வேற. ஆர் வேகமாப் போறான் எண்டு பார்க்கிறதில்ல. ஆர் பிந்திப் பிரேக் பிடிக்கிறான், ஆர் எந்த இடத்தில விடுறான் எண்டுதான் பார்க்கிற. இத்தாலியில மொன்ஸா ட்ராக்கிட முதல் வளைவைப் பாருங்க. 300க்கு மேல வாற கார் 100க்கும் கீழ இறங்கும். முந்துறதில பாதி அந்த இடத்திலதான் நடக்கும்.

நம்மட பக்கம் இதைப் பழக வளைவே இல்லை. கல்லடிப் பாலம் தாண்டினா கல்முனை மட்டும் தட்டையான றோட், வளைவை விட மாடுதான் கூட. செங்கலடியால மகாஓயா, பிபிலை எண்டு பதுளைக்கு ஏறினாத்தான் வளைவெண்டா என்னெண்டு தெரியும். அந்த றோட்டில மோட்டர் சைக்கிளில போகக்குள்ள வளைவு வர முன்னயே பிரேக்கை முடிச்சிருவன். பின்னால இருக்கிற தம்பி, "என்ன அண்ணன், கிழவன் மாதிரிப் போறீங்க" எண்டுவான். அவன் மோஸ்ட் வாண்டட் ஆள்.

சாய்ந்தமருதூரான்

நீங்க சொல்ற பிரேக் பாடம் எனக்கு பிளேஸ்டேஷனில கிடைச்சது காக்கா. கிரான் டூரிஸ்மோ, 1997இல ஜப்பானில வந்த முதலாவது. எங்கட வாப்பாட கடைக்குப் பக்கத்தில அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு விளையாட விடுற கடையொண்டு இரிந்த. அந்தக் கேமில லைசன்ஸ் எடுக்காம பெரிய றேஸுக்கு விடமாட்டான். முதல் டெஸ்ட் என்ன தெரியுமா? 400 மீட்டர் ஓடிப் போய் கோட்டுக்குள்ள நிப்பாட்டுற. வளைவும் இல்ல, எதிராளியும் இல்ல. பொடியனுகளெல்லாம் "இதென்ன லேனர்ஸ் வகுப்பா" எண்டு எரிஞ்சு விழுந்து வேற சீடி கேட்பானுகள். எனக்கு அதுதான் ருசி. கோட்டுக்கு ஒரு சாண் முன்னுக்கு நிப்பாட்டினா வார சந்தோஷம் றேஸ் வெண்டாலும் வராது.

ஒரே கரைச்சல், மெமரி கார்ட். எல்லாருக்கும் பொதுவான கார்ட், அடுத்த நாள் போனா ஆரோ என்டத அழிச்சு ஃபுட்போல் கேமைப் பதிஞ்சிருப்பான். மறுகாவும் 400 மீட்டர்ல இருந்து துவங்குற.

இந்தக் கேமை விளையாடின ஆக்கள்ல இருந்தே றேஸ்காரன எடுத்தாங்க எண்டது தெரியும்தானே? நிசானும் சோனியும் சேர்ந்து 2008இல துவங்கின ஜிடி அகடமி. அதில வெண்ட ஸ்பெயின்காரன் லூகாஸ் ஓர்டோன்யெஸ் 2011இல பிரான்ஸில நடக்கிற லு மான் 24 மணித்தியால றேஸில, மேல் வகுப்புக்கு அடுத்த எல்எம்பி2 வகுப்பில ரெண்டாமிடம் வந்த அணியில ஓடினவன். கேம்காரனை நம்பி ஒரு கொம்பனி உண்மையான காரைக் குடுத்த. நம்மட வீட்டில ஸ்கூட்டிச் சாவியே தரமாட்டாங்க.

திருக்கோவில் ரீச்சர்

நான் கேம் விளையாடுறதில்ல, என்ட அவர்தான். ஆனா பண்டாரவளையில படிப்பிச்ச காலத்தில தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸுக்கு அவரோட போனதால எழுதுறன்.

முதல்ல சத்தம். டிவியில வாற சத்தமில்ல அது, நெஞ்சுக்குள்ள அடிக்கிறது. மறுகா மண். செம்மண் ட்ராக், வளைவில கார் கிறுகக்குள்ள பின் டயர் அள்ளி எறியும். கையில இருந்த பிளேன்டீ கப்பில செம்மண் படிஞ்சு, குடிக்கேலாமப் போச்சு. பழைய ஃபோர்ட் லேசர், மஸ்டா கார்களுக்கெண்டே ஒரு ஓட்டம் இருந்தது. சந்தியில ஹயருக்கு நிக்கிற கார் மாதிரி ஒண்டு மலையில பக்கவாட்டாச் சறுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தா நம்பேலாது. வளைவுக்கு முன்னயே காரைக் குறுக்கால போட்டிருவாங்க. குறுக்கால போனாத்தான் மண்ணில வேகம் குறையுமாம். அவர் விளங்கப்படுத்தினார், எனக்குப் பாதி விளங்கின.

என்னைப் பயமுறுத்தினது வேற. வளைவிட வெளிப் பக்கத்து மண் மேட்டில சனம் நெருங்கி நிண்டது. கார் பிழைச்சா வாற திசையே அதுதான். கேமில சனம் படம் வரைஞ்சு ஒட்டின மாதிரி நிக்கும், ஆரும் அதைப் பார்க்கிறதில்ல. 2024 ஏப்ரல் 21இல அதே ஃபொக்ஸ் ஹில்லில ட்ராக்கை விட்டு விலகின கார் சனத்துக்குள்ள போய் 7 பேர் செத்துப் போனாங்க. அதில ஒரு சின்னப் பிள்ளையும். அதுக்குப் பிறகு இவர் போவமா எண்டு கேட்டா, மேட்டுக்கு உயரத்தில, வளைவிட உள்பக்கமா இடமிருந்தாத்தான் வருவன் எண்டிருக்கன். ஓட்டுறவனுக்கு ஹெல்மெட்டும் காருக்குள்ள இரும்புக் கூண்டும் இருக்கு. பார்க்க நிக்கிறவனுக்கு என்ன இருக்கு?

ஏறாவூர் ஆள்

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. இது காசுள்ளவன்ட விளையாட்டு. 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய ஆல்டோவுக்கே கேட்ட விலையைப் பார்த்தம். 2025இல திரும்பத் திறந்தாலும் வரி விடுதா? அஜித்திட அணி துபாய் 24 மணித்தியால றேஸில அவங்கட வகுப்பில மூணாமிடம் வந்த நாள் எங்கட பக்கம் வெடி கொளுத்தின பொடியனுகள் இருக்காங்க, ஒருத்தனுக்கும் சொந்தமா கார் இல்ல.

எனக்குக் கேம் போதும். பழைய ஸ்டியரிங் வீல் ஒண்டு விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா? என்னத்தைப் பார்த்து வாங்குற?

கல்லடிக்காரன்

ரீச்சர், நீங்க சொன்ன வெளிப் பக்கம், உள்பக்கக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. கேமில மண்ணுக்குள்ள பாயிற எங்கட காரெல்லாம் போற பக்கம் அதுதான்.

ஏறாவூர்த் தம்பி, முதல்ல எத்தினை டிகிரி கிறுகும் எண்டு கேளுங்க. லொஜிடெக் ட்ரைவிங் ஃபோர்ஸ் ஜிடி, ஜி29 எல்லாம் 900 டிகிரி, அதாவது ரெண்டரைச் சுத்து. 270இல முட்டி நிக்கிறதை வாங்கினா மவுஸே மேல். ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீலே கையைத் திருப்பி இழுக்கிற வசதி, இருக்கோணும், டயர் பிடி விடுறது கையிலதான் தெரியும். வெறும் அதிர்வை அதெண்டு சொல்லி விப்பாங்க, கவனம்.

முக்கியமா பிரேக் பெடல். கொம்பியூட்டரில போட்டு, செட்டிங்ஸைத் திறந்து, பெடலை மெதுவா அமத்தி மெதுவா விடுங்க. திரையில காட்டுற கோடு நேரா ஏறி இறங்கோணும். துள்ளித் துள்ளி ஏறினா, பெடலை எவ்வளவு அமத்துறம் எண்டு அளக்க உள்ளுக்கிருக்கிற பொட்டென்சியோமீட்டரில தூசி. கடற்கரைப் பக்கத்து வீட்டில இருந்த சாமான் எண்டா உப்புக் காத்தில துருவும் பிடிச்சிருக்கும். தூசி மட்டுமெண்டா கொன்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு அநேகமா எடுக்கலாம், அதைச் சொல்லி விலையைக் குறைங்க. ஜி29 எண்டா பிரேக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பழுதெண்டு நினைக்காதீங்க. உள்ளுக்கு ரப்பர் துண்டொண்டு வச்சுத்தான் வருது. பிளாஸ்டிக் கதிரையில இருந்து அமத்தினா கதிரை பின்னால போகும். கதிரையைச் சுவரோட வச்சுக்கொண்டு ஓட்டுங்க.