ஜோஜி ஃபான்ட் (பழைய பர்மிய ஃபான்ட்) பிடிஎஃப்ல தேடுனா எதுவும் வரல, வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மியான்மர் யாங்கூன்ல உளுந்து, துவரை ஏற்றுமதி பண்ற ஆபீஸ். இன்வாய்ஸ், ஒப்பந்தம், வைபர்ல வந்த போட்டோ எல்லாம் ஒரே 4 டிபி நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டுன ஸ்டோரேஜ் பெட்டி) குவிஞ்சு கிடக்கு, பாதிக்கு மேல பேரே ‘ஸ்கேன்001’ தான்.

2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுக்கு மாறுச்சுல்ல, அதுக்கு முந்தின பர்மிய ஃபைல் எல்லாம் ஜோஜி, ரெண்டும் ஒரே கோடை வேற வேற எழுத்துக்கு யூஸ் பண்றதால வியாபாரி பேரை இப்ப அடிச்சா பழசு வரவே மாட்டேங்குது. வேர்டு, எக்ஸெல்லை கன்வர்ட்டர்ல மாத்தியாச்சு, அது ஓகே. பிடிஎஃப்ல தான் மாட்டுது, காப்பி பண்ணா எழுத்து உடைஞ்சு கண்டபடி வருது. ஸ்கேனுக்கு டெசராக்ட் (படத்துல இருக்குற எழுத்தைப் படிக்கிற டூல்) பர்மீஸ் போட்டேன், அச்சு எழுத்து பரவால்ல, கைல எழுதுன மூட்டைக்கணக்கு சுத்தமா வரல. கிளவுட்ல ஏத்தலாம்னா, இங்க கரண்ட் இருக்குற லட்சணம் தெரியும்ல.

ஆஃப்லைன்லயே ஜோஜி பிடிஎஃப்பை யூனிகோடாக்கி தேடுற மாதிரி பண்ற டூல் யாராவது யூஸ் பண்றீங்களா?