ஸ்பானிஷில் ‘செய்யாதே’: போன பதிவின் புதுப்பிப்பு

ஏவல் வினைக்கு முன்னால் ‘நோ’ சேர்த்தால் ‘செய்யாதே’ வந்துவிடும் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். ‘ஆப்லா’ என்றால் பேசு. ஆனால் ‘நோ ஆப்லா’ என்றால் ‘அவன் பேசுவதில்லை’ என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். பேசாதே என்பதற்கு ‘நோ ஆப்லேஸ்’.

வழி இதுதான். ‘நான் பேசுகிறேன்’ என்ற ‘ஆப்லோ’வை எடுங்கள், கடைசி ‘ஓ’வை நீக்குங்கள். அகராதி வடிவம் ‘ஆப்லார்’ போல ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ‘ஏஸ்’ சேருங்கள்; ‘ஏர்’, ‘இர்’ என்று முடியும் வினைகளுக்கு ‘ஆஸ்’. கொமேர் (சாப்பிடுவது) ‘நோ கோமாஸ்’ ஆகும், எஸ்க்ரிபிர் (எழுதுவது) ‘நோ எஸ்க்ரிபாஸ்’ ஆகும். உயிரெழுத்து இடம் மாறிக்கொள்வதுதான் சூட்சுமம். மரியாதைக்கு, அதாவது ஒருவரை ‘நீங்கள்’ என்று சொல்லும் ‘உஸ்தேத்’துக்கு, கடைசி ‘ஸ்’ஸை விட்டுவிடுங்கள்: ‘நோ ஆப்லே’, பேசாதீர்கள். பலரிடம் என்றால் ‘நோ ஆப்லேன்’.

நமக்கு இது அந்நியமே இல்லை. பேசு, பேசாதே என்று தமிழிலும் வினையின் வாலே மாறுகிறதே!

அப்புறம் இரண்டு விஷயம். ‘தொக்கார்’ (தொடுவது) போன்றவற்றில் ஒலியைக் காப்பாற்ற எழுத்து மாறும்: ‘நோ தொக்கேஸ்’ என்பதில் ‘சி’ போய் ‘க்யூ, யூ’ வரும். ‘அதை’ என்ற ‘லோ’வும் இடம் மாறும். அதைச் சாப்பிடு என்பதில் வினையோடு பின்னால் ஒட்டிக்கொள்ளும்: ‘கோமேலோ’. சாப்பிடாதே என்றால் முன்னால் தனியாக நிற்கும்: ‘நோ லோ கோமாஸ்’. இதை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.