குழு சிகிச்சையில் கெல்லியின் முறை: நடத்திப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். குடியிலிருந்து மீண்டு வருபவர்களுக்கான சின்னக் குழு ஒன்றை நடத்துகிறேன். ஒவ்வொருவரும் தன் அனுபவத்தை வைத்து உலகத்துக்கு ஒரு விளக்கம் கட்டிக்கொண்டு அதன்படியே நடக்கிறார் என்று உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955இல் சொன்னாரே, அதைக் குழுவுக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். லேண்ட்ஃபீல்டும் ரிவர்ஸும் 1975இல் எழுதிய ஜோடி மாற்றும் முறை, அதாவது இரண்டிரண்டு பேராகச் சில நிமிடம் பேசி, ஜோடி மாறி மாறி எல்லோரிடமும் பேசிவிட்டுக் கடைசியில் வட்டமாக உட்கார்ந்து பகிர்வது, நன்றாகவே ஓடுகிறது. வாயே திறக்காதவர்கூட ஒரே ஆளிடம் என்றால் பேசிவிடுகிறார்.

சிக்கல் கெல்லியின் கிரிட்டில்தான், அதாவது தெரிந்தவர்களை மூவர் மூவராக ஒப்பிடச் சொல்லி, ஒருவர் மனிதர்களை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளும் அட்டவணையில். "அப்பா, மனைவி, நீங்கள். இதில் எந்த இருவர் ஒரு மாதிரி, மூன்றாமவர் எதில் வேறு?" என்று கேட்டால் 'நல்லவர், கெட்டவர்' தவிர ஒன்றும் வருவதில்லை. நல்லவர் என்ன செய்வார் என்று தோண்டினால் ஒருவர் மட்டும், "கேட்டதும் காசு கொடுப்பார், மற்றவர் எதற்கென்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்" என்றார். இதுதான் வேண்டும்! மற்றவர்களிடம் எப்படி வரவழைப்பது? கிரிட்டை ஒவ்வொருவரிடமும் தனியாகச் செய்துவிட்டுக் குழுவுக்கு வரலாமா?

அப்புறம், யாராவது வராத நாளில் ஜோடிக் கணக்கு இடிக்கிறது, அப்போது நடத்துபவரே ஜோடியாக உட்காரலாமா? பாடப்புத்தக விளக்கம் வேண்டாம், உங்கள் குழுவில் நடந்ததைச் சொல்லுங்கள்.