ஜீவ்ஸை மறந்துவிட்டுச் சொல்லுங்கள்: உட்ஹவுஸ் நல்ல பாடலாசிரியரா?

பழைய ரிகார்டு:

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. உட்ஹவுஸ் என்றால் நமக்கு அவர் கதைகளில் வரும் கெட்டிக்கார வேலைக்காரன் ஜீவ்ஸ், அவன் எஜமான் பெர்ட்டி, பிளாண்டிங்ஸ் கோட்டையின் கொழுத்த பன்றி. லெண்டிங் லைப்ரரியில் அட்டை கிழிந்த பிரதிகளை எடுத்துப் படித்து வளர்ந்தவன் நான். அதே மனுஷன் நியூயார்க்கில் இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதிச் சம்பாதித்தவர் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. ஏதோ பொழுதுபோகாமல் எழுதியதில்லை. 1917 என்ற ஒரே ஆண்டில் அவருடைய பாட்டுகளோடு குறைந்தது ஐந்து நாடகங்கள் பிராட்வேயில் மேடையேறின. அவற்றில் 'ஓ, பாய்!' மட்டும் 460 காட்சிகளைத் தாண்டி ஓடியது.

என் கட்சி இதுதான்: ஜீவ்ஸ் பிறக்காமலே போயிருந்தாலும் அமெரிக்க இசை நாடக வரலாற்றில் உட்ஹவுஸுக்கு ஒரு நாற்காலி உண்டு. இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இருபது வருடத்துக்கு மேல் பாடலாசிரியர் லாரன்ஸ் ஹார்ட்டோடு சேர்ந்து பாட்டுப் போட்டவர். ஹார்ட்டுக்கு முன்னால் பாட்டுக் கேட்பவர்களின் மூளைக்கு வேலை வைத்தவர் உட்ஹவுஸ் ஒருவர்தான் என்று ராட்ஜர்ஸே சொல்லியிருக்கிறார். மறுப்பவர்கள் வரலாம்.

குறுக்குக்கேள்வி:

வந்தாயிற்று சார். ராட்ஜர்ஸ் அதைச் சொன்னது தன் கூட்டாளி ஹார்ட்டைத் தூக்கி வைக்க. அந்த வாக்கியத்தில் உட்ஹவுஸ் வெறும் ஏணிப்படி.

ஒரு பெயர் சொல்கிறேன். ஆன் கால்டுவெல். எத்தனை பேருக்குத் தெரியும்? பாஸ்டனில் பிறந்தவர். உட்ஹவுஸுக்கு மெட்டுக் கொடுத்த அதே ஜெரோம் கெர்ன் இவரோடு சேர்ந்து 'தி நைட் போட்' (1920), 'குட் மார்னிங், டியரி' (1921), 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்' (1923) என்று வரிசையாகச் செய்தார். பாட்டெழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வாங்கித்தர 1914இல் ஆஸ்காப் சங்கம் தொடங்கியபோதே அதில் இருந்தவர். ஆம்பிளைகள் மட்டும் வளையவந்த தொழிலில் ஒரு பெண்மணி இவ்வளவும் செய்திருக்கிறார். உட்ஹவுஸ் பாட்டுகளுக்கு 2004இல் முழுத் தொகுப்பே வந்துவிட்டது. கால்டுவெல் பெயரைச் சொன்னால் எல்லாரும் திருநெல்வேலிப் பாதிரியாரை நினைக்கிறார்கள். வித்தியாசம் பாட்டில் இருக்கிறதா, ஜீவ்ஸில் இருக்கிறதா?

பால்கனி டிக்கெட்:

ரெண்டு பேரும் ஒரு பாட்டைக்கூடச் சொல்லாமல் சண்டை போடுகிறீர்கள். என்னைப் போல ஒன்றும் தெரியாதவனுக்கு உட்ஹவுஸ் பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள், அப்புறம் அடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ரிகார்டு:

நியாயம். 'பில்' என்ற பாட்டு. 1918இல் 'ஓ, லேடி! லேடி!!' நாடகத்துக்காக எழுதியது. கதாநாயகன் பெயர் வில்லோபி ஃபின்ச், செல்லமாக பில். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் பாடுகிறாள். ஒரு காலத்தில் குறையே இல்லாத காதலனைக் கனவு கண்டேன், வந்தவனோ இவன். சிலை வடிக்கிற மாதிரி முகவெட்டு கிடையாது. தெருவில் எதிரே வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போலோ ஆடத் தெரியாது, சோலோ பாடத் தெரியாது (இந்த எதுகை ஆங்கிலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது). ஆனாலும் அவன் என் பில்.

அந்தக் காலத்துக் காதல் பாட்டுகளில் நிலா, ரோஜா, குயில் எல்லாம் கட்டாயச் சரக்கு. அந்த இடத்தில் உட்ஹவுஸ் ஒரு சுமாரான பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு அது பெரிய காரியம்.

கிண்டல் பாட்டு வேண்டுமென்றால், அதற்கு முந்தைய வருடம் 'லீவ் இட் டு ஜேன்' நாடகத்தில் கிளியோபாட்ராவைப் பற்றி ஒன்று. பெயரையே 'கிளியோபேட்டரர்' என்று கோணலாக்கி எதுகைக்கு வளைத்திருப்பார். அம்மாவுக்கு ஒரு காதலன் அலுத்துவிட்டால் அழுகை, ஆர்ப்பாட்டம், விடைபெறும் காட்சி எதுவும் பிடிக்காதாம். பேசாமல் அவன் சூப்பில் விஷத்தைக் கலந்துவிடுவாளாம்.

குறுக்குக்கேள்வி:

'பில்' பாட்டையே எடுத்ததற்கு நன்றி. என் வேலை மிச்சம்.

அந்தப் பாட்டு 'ஓ, லேடி! லேடி!!'யில் கடைசிவரை நிற்கவில்லை. அரங்கேற்றத்துக்கு முன்பே வெட்டிவிட்டார்கள். அப்புறம் 'சாலி' நாடகத்தில் சொருகப் பார்த்தார்கள், அங்கேயும் ஒட்டவில்லை. ஒன்பது வருடம் பெட்டியில் கிடந்து, 1927 டிசம்பரில் கெர்ன் இசையமைத்த 'ஷோ போட்' மேடைக்கு வந்தபோது, அந்த நாடகத்தை எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாட்டில் சில வரிகளை மாற்றினார். பாடியது ஹெலன் மார்கன். பியானோமேல் உட்கார்ந்து பாடுவதற்கே பேர்போனவர். மேடையில் அவர் ஜூலி, புருஷன் விட்டுப்போய்க் குடியில் கரைந்துகொண்டிருக்கிற பாடகி. அந்த நிலையில் ஒருத்தி "அவன் பெரிய அழகன் இல்லை, ஆனால் என் பில்" என்று பாடினால் கல்லும் கரையும். கரைத்தது மார்கனின் குரலும் ஹாமர்ஸ்டைன் கட்டிய கதையும்தான். உட்ஹவுஸ் எழுதியது சிரிப்பும் செல்லமுமாக ஒரு பாட்டு, அந்த வடிவத்தை அவர்கள் மேடையில் வைக்கக்கூட இல்லை.

மல்லிகா கோவை:

குறுக்குக்கேள்வி தம்பி, வக்கீலாகப் போயிருக்கலாம் நீங்கள். ஆனால் உங்கள் சாட்சியே உங்களுக்கு எதிராகப் பேசியிருக்கிறார். 1946இல் 'ஷோ போட்' மறுபடி மேடையேறியபோது நிகழ்ச்சிக் கையேட்டில் ஹாமர்ஸ்டைனே ஒரு குறிப்பு போட்டார். 'பில்' வரிகள் உட்ஹவுஸ் எழுதியவை, மற்ற பாட்டெல்லாம் நான் எழுதியதால் இதையும் என் கணக்கில் சேர்த்துப் பலர் பாராட்டிவிட்டார்கள், அந்தப் பாராட்டு இன்னொருவருக்குச் சேர வேண்டியது என்று. மாற்றிய வரிகள் எவை, எத்தனை என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

இன்னொன்று. சிரிப்புப் பாட்டாக எழுதியது ஒரு கைவிடப்பட்ட பெண்ணின் வாயில் அழுகையாக மாறுகிறது என்றால், அந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கிற ஏதோ ஒன்று வரியிலேயே இருந்திருக்கத்தான் வேண்டும். வெறும் ஜோக்கை எந்தக் குரலில் பாடினாலும் ஜோக்தான்.

குறுக்குக்கேள்வி:

அக்கா, அந்தக் குறிப்பை நான் மறந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஹாமர்ஸ்டைனின் பெருந்தன்மைக்கு நல்ல சாட்சி, பாட்டின் தரத்துக்கு இல்லை.

பழைய ரிகார்டு:

சரி, தரத்துக்கே வருகிறேன். இங்கே நம் சினிமாப் பாட்டு தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஆங்கில இசை நாடகத்தில் பேர்போன கில்பர்ட்–சல்லிவன் ஜோடியில் கில்பர்ட் வரியை எழுதிக் கொடுப்பார், சல்லிவன் மெட்டுப் போடுவார். கெர்ன்–உட்ஹவுஸ் விஷயத்தில் தலைகீழ். மெட்டு முதலில். தத்தகாரத்துக்கு வார்த்தை வைக்கிற வேலை.

இதைப் பற்றி உட்ஹவுஸ் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். மெட்டில்லாமல் எழுதினால் தன் பாட்டு பத்திரிகைச் செய்யுள் மாதிரி அளவெடுத்துத் தைத்ததாகிவிடுகிறதாம். 'ஓ, பாய்!' பாட்டு ஒன்றின் பல்லவியில் தினமும் அவளுக்கு வைரமும் முத்தும் கொண்டுவந்து கொடு என்கிற பொருளில் ஒரு வரி. கெர்னின் மெட்டு சின்னச் சின்ன ஸ்வரங்களாக ஓடிவந்து, முதல் அழுத்தத்தை 'டைமண்ட்ஸ்' என்ற சொல்லின் முதல் அசையில்தான் போடுகிறது. தாளில் வைத்துப் படித்தால் அந்த வரி யாப்பில் நிற்காது. தானாக எழுதியிருந்தால் பத்து லட்சம் வருடத்திலும் தோன்றியிருக்காது, மெட்டின் பின்னால் நடந்தேன், கிடைத்தது என்கிறார்.

பேச்சு மொழி நெளிந்துகொடுத்து மெட்டோடு போகிற இந்த வித்தையை ஐரா கெர்ஷ்வினும் ஹார்ட்டும் 1920களில் எங்கேயோ கொண்டுபோனார்கள். அதற்கு முன்னாலேயே அமெரிக்க மேடையில் அப்படி எழுதிக்காட்டியவர் இவர்.

குறுக்குக்கேள்வி:

அதாவது மெட்டு இல்லாவிட்டால் என் பாட்டு வெறும் செய்யுள் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது மார்க் யாருக்கு? கெர்னுக்கு.

அந்தக் கடிதங்களையும் அப்படியே நம்பாதீர்கள். 1953இல் புத்தகமாகப் போட்டபோது உட்ஹவுஸ் தாராளமாகச் செப்பனிட்டார். அதே சமயம், இந்த நாடகங்களுக்குக் கதை வசனம் எழுதிய கூட்டாளி கை போல்டனும் அவரும் சேர்ந்து எழுதிய மேடை நினைவுக் குறிப்பில் உண்மையைவிடத் தாளிப்பு அதிகம்.

அப்புறம் இந்த 'பிரின்சஸ் தியேட்டர்' புராணம். கதையோடு ஒட்டிய பாட்டு என்ற யோசனையையே கெர்ன், போல்டன், உட்ஹவுஸ் மூவரும் அந்த அரங்கில் கண்டுபிடித்ததாக எழுதுகிறார்கள். கெர்னும் போல்டனும் 1915லேயே அங்கே 'நோபடி ஹோம்', 'வெரி குட் எடி' இரண்டையும் போட்டுவிட்டார்கள். அப்போது உட்ஹவுஸ் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். மூவரும் சேர்ந்த நாடகங்களில் அந்த அரங்கில் மேடையேறியவை 'ஓ, பாய்!', 'ஓ, லேடி! லேடி!!' இரண்டே இரண்டு.

பால்கனி டிக்கெட்:

அந்த அரங்கில் அப்படி என்ன விசேஷம்?

பழைய ரிகார்டு:

299 இருக்கை, அதுதான் விசேஷம். நியூயார்க்கின் 39ஆம் தெருவில், பெரிய அரங்குகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது. பிரம்மாண்டத் தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்டு மாதிரி ஐம்பது அறுபது பெண்களை இறகுத் தொப்பியோடு மாடிப்படி இறக்கிவிட அங்கே இடமில்லை. அங்கத்துக்கு ஒரு செட், ஆக மொத்தம் இரண்டு. வாத்தியக்காரர்கள் பத்துப் பதினோரு பேர். பார்க்க ஒன்றுமில்லை என்றால் ஜனங்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். மைக் இல்லாத காலம் வேறு. பெரிய அரங்கில் பாதி வார்த்தை மூன்றாவது வரிசைக்கே போய்ச் சேராது. அந்தச் சின்ன அறையில் ஒவ்வொரு அசையும் விழும். பாட்டெழுதுகிறவன் அங்கே ஒளிந்துகொள்ள முடியாது.

அதே மூவரின் 'லீவ் இட் டு ஜேன்' ஏன் லாங்ஏக்கர் அரங்குக்குப் போனது? பிரின்சஸில் 'ஓ, பாய்!' இறங்க மறுத்து ஓடிக்கொண்டிருந்தது. இதைக் குறையாகச் சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான் தம்பி. 1959இல் 'ஜேன்' ஆஃப்-பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் சின்ன அரங்குகளில், திரும்ப வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அதையும் ஜீவ்ஸ் ரசிகர்கள்தான் பார்த்து ஓட்டினார்களா?

பால்கனி டிக்கெட்:

நடுவில் ஒரு தகவல், இப்போதுதான் தேடிப் படித்தேன். 1904இல் லண்டன் மேடைக்கு அவர் எழுதிய முதல் பாட்டு, என்னைச் சிறை அறையிலேயே போடுங்கள் என்று திருடர்கள் பாடுவது. இருபது வருடம் கழித்து 1924இல் நியூயார்க்கில் 'சிட்டிங் ப்ரெட்டி' நாடகத்தில் ஒரு திருடன் சிங் சிங் ஜெயிலின் துலிப் பூக்காலத்தை நினைத்து ஏங்குகிறான். பிறந்த ஊரை நினைத்து உருகும் பாட்டுகளுக்குக் கேலியாம். 1940இல் ஜெர்மன்காரர்கள் நிஜமாகவே பிடித்து அடைத்தபோது மனுஷனுக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வந்திருக்குமா?

மல்லிகா கோவை:

அந்த 'சிட்டிங் ப்ரெட்டி' 95 காட்சியோடு முடிந்தது. அதன் பாட்டுகளை ரேடியோவிலும் நடனக் குழுக்களிலும் போடக் கூடாது, ரிகார்டும் ஆகக் கூடாது என்று கெர்ன் தடுத்துவிட்டார். ஜாஸ்காரர்கள் தன் மெட்டைக் கண்டபடி திருகுகிறார்கள் என்று கோபம். விளைவு, தியேட்டருக்குப் போன ஜனங்களைத் தவிர யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாமல் போனது. குறுக்குக்கேள்வி கேட்ட "பாட்டா, ஜீவ்ஸா" என்ற கேள்விக்குப் பதிலில் இதையும் சேர்க்க வேண்டும். நல்ல பாட்டு நிற்கும் என்பதெல்லாம் ரிகார்டு இருந்தால்தான்.

குறுக்குக்கேள்வி:

சேர்க்கலாம். அதோடு இதையும் சேருங்கள் அக்கா. 1926இல் கெர்ஷ்வின் சகோதரர்களின் 'ஓ, கே!' வந்தபோது உட்ஹவுஸ் கதை வசனத்தோடு நின்றுகொண்டார். பாட்டு ஐராவின் பொறுப்பு. தன்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

பழைய ரிகார்டு:

தெரிந்திருக்கலாம். ஆனால் மேடையை அவர் விட்டுவிடவில்லை, நாவலுக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தன் நாவல்கள் பாட்டில்லாத இசை நாடகம் என்று அவரே சொன்னதுதான். பாத்திரங்களைச் சம்பளம் வாங்கும் நடிகர்களாக நினைத்துக்கொள்வாராம். பெரிய நடிகருக்கு நல்ல காட்சி கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் பாருங்கள், அந்தக் கணக்கில். அதனால் ஜீவ்ஸ் புகழில் பாட்டு ஓசிச் சவாரி செய்கிறது என்பதை நான் திருப்பிப் போடுகிறேன். பாட்டு மேடையில் கற்ற தொழில்தான் ஜீவ்ஸைத் தாங்குகிறது.

குறுக்குக்கேள்வி:

சூப்பில் விஷம் பாட்டை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சிரித்தேன். பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கால்டுவெல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பால்கனி டிக்கெட்:

அவர் பாட்டு ஒன்று சொல்லுங்களேன், அதையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

குறுக்குக்கேள்வி:

'குட் மார்னிங், டியரி'யில் 'காலுவா'. தென்கடல் தீவு, நிலா, அலை. பழைய ரிகார்டு சார் சொன்ன கட்டாயச் சரக்கு எல்லாம் இருக்கும், திட்டாதீர்கள். அந்தப் பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வர வரிசை (பேஸ்) 'டார்டனெல்லா' பாட்டில் இருந்து எடுத்தது என்று கெர்ன்மேல் வழக்கு வந்தது. 1924இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் ஆமாம் என்று தீர்ப்பு சொல்லி 250 டாலர் கட்ட வைத்தார். வரிகள்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

பழைய ரிகார்டு:

அதைச் சொல்லுங்கள். இன்று சாயந்திரம் கேட்கிறேன்.