கணவர் கையெழுத்து இல்லாமல் மகள் பெயரை அரசிதழில் மாற்றலாமா?

வலங்கைமான் அம்மா:
வணக்கம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நானும் அவள் அப்பாவும் நான்கு வருடமாகப் பிரிந்து இருக்கிறோம். விவாகரத்து ஆகவில்லை, வழக்கும் இல்லை. அவர் திருப்பூரில் வேலை செய்கிறார். மாதம் ஒருமுறையாவது பிள்ளையோடு போனில் பேசிவிடுவார்.

பிறப்புச் சான்றிதழில் இருப்பது அவர் வீட்டில் எண் கணிதம் பார்த்து வைத்த பெயர். இங்கே தெருவில், வகுப்பில் எல்லாரும் கூப்பிடுவது என் அம்மா வைத்த பெயரைத்தான். நோட்டின் மேல் லேபிளில் ஒரு பெயர், உள்ளே முதல் பக்கத்தில் அவளே பென்சிலால் எழுதிய இன்னொரு பெயர். போன வாரம் பள்ளி விழாவில் பரிசு வாங்க மைக்கில் கூப்பிட்டபோது எழுந்திருக்கவே இல்லை. பக்கத்துப் பிள்ளை தட்டிச் சொன்ன பிறகுதான் போனாள். எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

அம்மா கையெழுத்து மட்டும் போதும், அரசிதழில் வந்துவிடும் என்று ஜெராக்ஸ் கடையில் சொல்கிறார்கள். நிஜமா? அவருக்குச் சொல்லாமல் செய்தால் பின்னால் பிரச்சினை வருமா?

கும்பகோணம் வக்கீல்:
அம்மா, அவசரப்பட வேண்டாம். மைனருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போடலாம் என்பது சரி. ஆனால் கையெழுத்துப் போட இடம் இருப்பது வேறு, தனியாக முடிவெடுக்கும் உரிமை வேறு.

நீங்கள் இந்து என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ஆம் வருடக் காப்பாளர் சட்டம் 6-ஆம் பிரிவில் 'தந்தை, அவருக்குப் பிறகு தாய்' என்று இருக்கிறது. 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பிறகு' என்றால் அவர் இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, தந்தை பிள்ளையின் பொறுப்பிலிருந்து விலகி இருந்தாலும் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்றது. உங்கள் வீட்டுக்காரர் விலகிவிடவில்லையே, மாதாமாதம் பேசுகிறார். அவரை 'இல்லாதவர்' என்று எழுதிக் கொடுத்தால் நாளை அவர் கோர்ட்டில் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது. பிள்ளையின் குடும்பப் பெயரைத் தாயே முடிவு செய்யலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பை யாராவது காட்டுவார்கள். அது தந்தை இறந்துபோன பிள்ளையின் விஷயம்.

முத்திரைத்தாளில் அவர் சம்மதம் வாங்கி நோட்டரி சான்று வையுங்கள். மறுத்தால் நீதிமன்றத்தில் மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள்.

மன்னார்குடி அப்பா:
தங்கச்சி, நான் அந்தப் பக்கம் இருந்தவன். என் மகன் பெயரை மாற்றியது, அவன் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுப் பெயர் நல்ல பெயர்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சரி என்றிருப்பேன். கேட்காததால் இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன், நஷ்டம் பையனுக்கு. முதலில் ஒரு போன் போடுங்கள்.

வலங்கைமான் அம்மா:
நேற்று ராத்திரி பேசினேன் அண்ணே. இனிஷியலும் போய்விடுமா, நாளைக்கு என் பிள்ளை என்று சொல்ல முடியாதா என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கும்பகோணம் வக்கீல்:
இனிஷியல் அப்படியே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றுங்கள். பிறப்புப் பதிவில் தந்தை பெயர் அசையாது. ஜீவனாம்சம், சொத்துரிமை எதையும் பெயர் மாற்றம் தொடாது. இதைச் சம்மதப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதுங்கள், அவருக்கும் நிம்மதி.

அப்புறம், அரசிதழில் வந்ததும் பிறப்புச் சான்றிதழ் தானாக மாறாது. ஆதாருக்கும் பள்ளிக்கும் தனித்தனியாக அரசிதழ் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும்.

நீடாமங்கலம் டீச்சர்:
பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் முடித்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு வந்து அலைகிற பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். இன்னொன்று, பிள்ளையிடம் கேட்டீர்களா?

வலங்கைமான் அம்மா:
கேட்டேன் டீச்சர். "அப்பாவும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்" என்றாள். ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் வருகிறாராம். ஆங்கிலத்தில் கடைசியில் 'எச்' சேர்ப்பதா வேண்டாமா என்று அப்பாவும் மகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கும்பகோணம் வக்கீல்:
அதை முடிவு செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். பத்திரத்திலும் விண்ணப்பத்திலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்க வேண்டும்.