ஒரே தொட்டியில் பாம்புக்குட்டியும் பல்லியும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ராயபுரம்:
ஆடி மாதம் கொருக்குப்பேட்டையில் நண்பன் வீட்டில் பார்த்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பால் பைத்தான் (ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு வகை) குட்டி, கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். வீட்டில் இடம் இல்லை என்று லெப்பர்ட் கெக்கோ என்கிற புள்ளிப் பல்லி இருந்த தொட்டியிலேயே விட்டிருந்தான். இரண்டும் ராத்திரி நடமாடும் ஜீவன், ஒத்துப்போகும் என்று விற்றவர் சொன்னாராம். இடுக்கியில் எலிக்குஞ்சை நீட்டினான். பாம்பு இரண்டு முறை நாக்கை நீட்டிவிட்டு, எலியை விட்டுவிட்டு, ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு) மேல் படுத்திருந்த கெக்கோவின் பின்னங்காலைக் கவ்வியது. எலி வாசனை தொட்டி முழுக்க இருக்கிறது, அதில் சூடாக எது இருந்தாலும் அதற்கு இரைதானே. கெக்கோ கீச்சென்று கத்தியது. அது கத்தும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படியே வாலை உதறிவிட்டது. வால் மட்டும் தனியாக டிஷ்யூ பேப்பரில் துள்ளுகிறது, பாம்பு காலை விட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது, அந்த நேரத்தில் கெக்கோவை வெளியே எடுத்துவிட்டோம். பிழைத்துக்கொண்டது. புது வால் குட்டையாக, வழவழவென்று வளர்கிறது.

பெரம்பூர்:
தலைவா, தொட்டிக்குள் வைத்து எலி காட்டியதுதான் தப்பு. தனி டப்பாவில் ஊட்டிவிட்டுத் திரும்ப விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் கார்ன் ஸ்னேக் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) குட்டி அப்படித்தான் வளர்ந்தது.

கொளத்தூர்:
பெரம்பூர் அண்ணே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. கடித்தால்தான் ஆபத்து என்று யார் சொன்னது? என் அத்தை மகன் கார்ன் ஸ்னேக் குட்டியும் ஸ்லைடர் என்கிற நீர் ஆமையும் வைத்திருந்தான், தனித்தனித் தொட்டிதான். ஆனால் தண்ணீர் மாற்ற ஒரே பக்கெட், தேய்க்க ஒரே ஸ்பான்ஜ். பாம்பு இரையைத் தொடவில்லை, பிறகு சளியும் ரத்தமுமாகப் போனது. என் கையில் கொடுத்தான், வயிற்றின் பின்பகுதி கயிறு முடிச்சு போட்டது போலக் கெட்டியாக இருந்தது. கழிவைச் சோதித்துப் பார்த்ததில் அமீபா. என்டமீபா இன்வாடென்ஸ் என்று பெயர். ஆமையின் குடலில் அது பேசாமல் இருக்கும், ஆமைக்கு ஒரு தொந்தரவும் வராது, பாம்புக்குப் போனால் குடலையே புண்ணாக்கிவிடும். அந்தக் குட்டி செத்துப்போச்சு. ஆமை இன்னும் நன்றாக நீந்துகிறது. எங்கள் ஏரியாவில் மீன் கடைக்குக் கடை ஆமைக்குஞ்சு விற்கிறார்கள், இதை மட்டும் வாங்குகிறவர்களிடம் யாராவது சொல்லக் கூடாதா?

எண்ணூர்:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் போய்விட்டது, ஹீட் மேட் இல்லை. முந்தின நாள்தான் என் பாம்புக்குட்டிக்கு இரை போட்டிருந்தது. ராத்திரி குட்டி வாயை அகலத் திறந்து முழு எலிக்குஞ்சையும் கக்கியது, அந்த நாற்றம் மறக்காது. குளிர்ந்தால் ஜீரணம் நின்றுவிடும்.

தண்டையார்பேட்டை:
எனக்கு நடந்தது சின்ன விஷயம், குட்டி மூடியை நெம்பிக்கொண்டு வெளியே வந்து ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கத்தில் சூட்டுக்குச் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் மேலே படித்ததில் சிலது சொல்லியே ஆக வேண்டும். பெரம்பூர்காரர் சொல்லும் தனி டப்பா வேண்டாம், வயிறு நிறைந்த குட்டியைத் தூக்கி மாற்றினாலே கக்கிவிடும். இரை போட்ட பிறகு 48 மணி நேரம் கை வைக்காதீர்கள். கக்கிவிட்டால் பத்து நாளாவது பொறுத்து, முன்பை விடச் சின்ன எலி கொடுங்கள். பால் பைத்தான் குட்டிக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல். லெப்பர்ட் கெக்கோவுக்கோ பியர்டட் டிராகன் என்கிற ஆஸ்திரேலியப் பல்லிக்கோ அவ்வளவு ஈரம் ஆகாது, டிராகனுக்கு மேலே யூவிபி (புற ஊதாக்கதிர்) விளக்கும் 40 டிகிரி சூடும் வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டு பேரையும் எப்படித் திருப்திப்படுத்துவீர்கள்? எலி, குட்டியின் உடம்பில் தடித்த இடத்தின் அளவுக்கு மேல் போகக் கூடாது, வாரம் ஒன்று போதும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடவே போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். கத்திரி வெயிலில் ஹீட் மேட்டை அணைத்துவிட்டு, மொட்டை மாடிக்குக் கீழ் அறையானால் தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். புதுசாக வாங்கியதை மூன்று மாதமாவது வேறு அறையில் வையுங்கள், உண்ணி ஒன்று வந்தால் எல்லாத் தொட்டிக்கும் போகும். பால் பைத்தான் சைட்ஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, 2024 விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். சாரை, மண்ணுளி என்று நம்ம ஊர்ப் பாம்பு எதையும் வளர்க்கச் சட்டத்தில் இடமே கிடையாது.

பெரம்பூர்:
டப்பா விஷயம் சரி, ஆனால் எனக்கு ஒரு தடவை கூடக் கக்கியதில்லை. என் குட்டி எலியைத் தொடாமல் இருந்தபோது சுவர்ப்பல்லியைப் பிடித்துப் போட்டேன், உடனே தின்றது.

கொளத்தூர்:
தின்னத்தான் செய்யும், கார்ன் ஸ்னேக் குட்டிக்குக் காட்டில் அதுதான் சாப்பாடு. ஆனால் சுவர்ப்பல்லியோடு அதன் வயிற்றுப் புழுவும் சேர்ந்து போகும், அப்புறம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பல்லியின் வாசனையை எலிக்குஞ்சின் மூக்கில் தேய்த்துக் கொடுத்துப் பாருங்கள். இப்போது கழிவைச் சோதித்துவிடுங்கள் அண்ணே, தள்ளிப் போடாதீர்கள்.