சான் ஹோசேயில் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி: 9-ஆம் வகுப்புச் சேர்க்கை பற்றி

கேள்வி: அமெரிக்காவுக்கு எச்-4-ல (எச்-1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்குத் தர்ற விசா) வந்திருக்கோம். பொண்ணு 8-ஆம் வகுப்பு. நாங்க இந்துக்கள். கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில சேர்ப்பாங்களா? எப்போ ஆரம்பிக்கணும்?

பதில் 1: தாராளமா சேர்ப்பாங்க. நோட்டர் டேம் (1851-ல் அருட்சகோதரிகள் தொடங்கினது), பிரசன்டேஷன் ரெண்டுமே பெண்களுக்கு மட்டுமான பள்ளிகள். எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிறாங்க. எச்-4-ல இருக்கிற பிள்ளைக்குத் தனியா மாணவர் விசா தேவையில்லை. சமயப் பாடம் கட்டாயம், திருப்பலிக்கும் (கத்தோலிக்க வழிபாடு) எல்லாரோடயும் போகணும். அங்க தர்ற நற்கருணை அப்பத்தை மட்டும் வாங்கக் கூடாது. கைகளை மார்பில் குறுக்கா வச்சுக்கிட்டு முன்னாடி போனா ஆசீர்வாதம் தருவாங்க. இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்க, இல்லேன்னா பிள்ளை வரிசையில் தடுமாறும்.

8-ஆம் வகுப்பு தொடங்கின உடனே இறங்கிடுங்க. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிஞ்சு, மார்ச்ல முடிவு வரும். கணக்கு, ஆங்கில ஆசிரியர்களோட பரிந்துரைதான் அதிகம் சிக்கலாகுது. ஆசிரியரே பள்ளி மின்னஞ்சலிலிருந்து நேரா அனுப்பணும். ஊர்ல கையெழுத்து வாங்கிட்டு வந்த கடிதம் பொதுவா செல்லாது. ஊர்ல படிச்ச பள்ளி ஆசிரியர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க.

எச்.எஸ்.பி.டி. (9-ஆம் வகுப்புச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) கேட்கிற பள்ளின்னா: 298 கேள்வி, சுமார் இரண்டரை மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது. சொல்திறன் பகுதியில் 16 நிமிஷத்துக்கு 60 கேள்வி, அதாவது ஒண்ணுக்கு 16 வினாடி. நல்லாப் படிக்கிற நம்ம பிள்ளைங்க விடை தெரியாம இங்க மார்க் விடுறதில்லை, ஒவ்வொண்ணா யோசிச்சுத்தான் விடுறாங்க. தப்புக்கு மார்க் கழிக்க மாட்டாங்க, அதனால ஒண்ணையும் காலியா விடக் கூடாது. இஞ்ச், அடி, பவுண்டு கணக்கைத் தனியாப் பழக்குங்க.

பதில் 2: தடுப்பூசி அட்டையை இப்பவே எடுத்துப் பாருங்க. கலிபோர்னியா சட்டம் தனியார் பள்ளிக்கும் பொருந்தும். நம்ம இந்திய அரசு அட்டவணையில் இருக்கிறது எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா); அதில் பொன்னுக்குவீங்கி கிடையாது. இங்க பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். 2 தவணை வேணும். சின்னம்மையும் 2. ஊர்ல 10 வயசில் போடுற டி.டி. இங்க கணக்கில் வராது, கக்குவான் இருமலுக்கும் சேர்த்துப் போடுற டிடாப் ஒண்ணு போடணும். தவணைகளுக்கு நடுவில் குறைஞ்சது 4 வாரம் விடணும், அதனால பள்ளி திறக்கிறதுக்கு முந்தின வாரம் ஓடினா நடக்காது.

பதில் 3: இடம் கிடைச்ச பிறகு ஒரு விஷயம். 9-ல அல்ஜீப்ரா 1-ல உட்கார வச்சா, வழக்கமான வரிசைப்படி 12-ல பிரீகால்குலஸ்தான் வரும், கால்குலஸ் வரைக்கும் போக முடியாது. பொறியியல் எண்ணம் இருந்தா, கணக்கு நிலைத் தேர்வு எழுதி 9-லயே ஜியோமெட்ரிக்குப் போக முடியுமான்னு கேளுங்க. கலிபோர்னியா பல்கலைக்கு 15 ஏ-ஜி பாடம் (அந்தப் பல்கலை சேர்க்கைக்குக் கேட்கிற உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள்) வேணும், எல்லாத்திலும் சி-க்குக் குறையக் கூடாது. கட்டண உதவிக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. அமெரிக்க வரிக் கணக்கு இன்னும் இல்லேன்னா சம்பளச் சீட்டு ஏத்துப்பாங்களான்னு சேர்க்கை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுடுங்க.